புயல் மழையும் பூனை கவ்விவரும் எலியும்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டும்போது, வளைகளில் தண்ணீர் புகுந்து எலிகள் மேடான இடம் தேடுகின்றன. பெரும்பாலும் அந்த மேடு மனிதர்களின் வீடுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி இருண்டு கிடக்கும் வீட்டுக்குள் பூனை எதையோ கவ்விக்கொண்டு நுழைந்தால், அது செத்ததா, இன்னும் துள்ளுகிறதா என்பதுகூட மெழுகுவத்தி வெளிச்சத்தில் தெரியாது.

வயிறாரப் பால்சோறு தின்ற பூனையும் வேட்டையாடும். பசி வேறு, வேட்டைத் தூண்டல் வேறு. பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுவருவது வளர்ப்பவருக்குத் தரும் பரிசு என்பார்கள். அழகான கற்பனை! தாய்ப்பூனை குட்டிகளுக்கு இரை கொண்டுவருவது உண்மை. மற்றபடி, தொந்தரவில்லாத இடம் என்றே அது வீட்டை நாடுகிறது எனலாம். பெருச்சாளியிடம் மட்டும் பெரும்பாலான பூனைகள் வாலாட்டுவதில்லை.

கவலைக்குரியது எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா கிருமி எலியின் சிறுநீர் வழியாக ஈரத்தரையிலும் தேங்கிய நீரிலும் கலந்து, காலிலுள்ள சிராய்ப்பு வழியே உடலுக்குள் நுழையும். செத்த எலியை வெறுங்கையால் தொடாமல், கையில் பிளாஸ்டிக் பையை மாட்டி எடுத்து ஆழமாகப் புதைத்து, அந்த இடத்தை பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் கழுவ வேண்டும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்சிவப்பு வந்தால், எலி வந்த கதையையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.