கெட்ட நட்சத்திரம்

சனிக்கிழமை மாலை மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலில் நவக்கிரகங்களைச் சுற்றக் கூட்டம் நெரியும். வெளியே வந்தால் வடக்கு மாட வீதியில், கிளம்ப மறுக்கும் பைக்கை உதைத்து உதைத்து ஓய்ந்த ஒருவர், "எல்லாம் என் கெரகம்!" என்கிறார்.

ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் இதையேதான் சொன்னார்கள். 'டிஸாஸ்டர்' என்பதும் கெரகம்தான். இத்தாலிய மொழியில் 'அஸ்த்ரோ' என்றால் விண்மீன். முன்னால் 'டிஸ்' சேர்ந்தால் கெட்ட விண்மீன். பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. 'இன்ஃப்ளூயன்சா' கதையும் இப்படித்தான். விண்மீன்களின் தாக்கத்தால் வரும் காய்ச்சல் என்ற நம்பிக்கையில் இத்தாலியர் வைத்த பெயர். ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' நாடகத்தில், தன் வினைக்குச் சூரிய சந்திரரைப் பழிப்பவர்களை எட்மண்ட் கேலி செய்யும் இடத்தில் 'டிஸாஸ்டர்' வருகிறது. ஆள் வில்லன்தான், பேச்சில் நியாயம் இருக்கிறது.

அதே விண்மீன் வேரில் முளைத்த இன்னொரு சொல் 'ஆஸ்டராய்டு', அதாவது சிறுகோள். நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த மதராஸ் வானாய்வகத்தில், 1861 ஏப்ரல் 17 அன்று நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அது. 'ஆசியா' என்றே பெயர் வைத்தார். 1899-ல் விண்ணாய்வு கொடைக்கானலுக்குப் போய்விட்டது. தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. அந்த வளாகத்தில் இப்போது இருப்பது வானிலை ஆய்வு மையம். நட்சத்திரம் பார்த்த இடத்திலிருந்துதான் நமக்குப் புயல் எச்சரிக்கை வருகிறது.

'டிஸாஸ்டர்' என்ற சொல்லும் இப்படியே வானத்திலிருந்து இறங்கிவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, 2005-ல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. இயற்கை, மனிதர், விபத்து, அலட்சியம் எனப் பேரிடருக்கு அது காரணங்களை அடுக்குகிறது. கோள்நிலை அதில் இல்லை. நம் 'பேரிடர்' என்ற சொல்லிலும் விண்மீன் கிடையாது. இடர், பெரிய இடர், அவ்வளவுதான்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட, அடையாறு பொங்கிச் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. அதை மனிதர்கள் ஏற்படுத்திய பேரிடர் என்றது, 2018-ல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை. சனி பகவான் மேல் அதில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை.