ஒரே புரதம், இரண்டு அணுக்கள்
1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் வடிவ ரத்த அணுவைக் கண்டார்கள். இந்தியாவில் அது முதல் பதிவுகளில் ஒன்று. தேவாலா, பந்தலூர்ப் பக்கத்துப் பணியர்களையும் குறும்பர்களையும் இந்த அரிவாள் அணு நோய் இன்றும் வாட்டுகிறது. ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழைதான் காரணம். பிறவிக் கோளாறென்றால் பிறந்த அன்றே வலிக்க வேண்டாமா? முதல் சில மாதங்கள் பிள்ளைக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. கருவில் ஓடிய வேறு வகை ஹீமோகுளோபின் அதுவரை காக்கிறது. பிறகு அதற்கான மரபணு அழியாமலே அடங்கிப்போகிறது. எழுத்து அப்படியே இருக்க, டிஎன்ஏ சுருள் இறுகி வாசிப்பு மட்டும் நிற்கும் இதைத்தான் எபிஜெனடிக்ஸ் என்கிறார்கள்.

கரு ஹீமோகுளோபினின் மரபணுவை அடக்கி வைப்பதில் முக்கியப் பங்கு பிசிஎல்11ஏ என்ற புரதத்துக்கு. அதை ஒழித்துவிட்டால் போயிற்றே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்: கிருமியை எதிர்க்கும் பி அணுக்கள் உருவாகவும் அதே புரதம் வேண்டும், அது இல்லாத எலிக்கருக்களில் பி அணுக்களே உருவாகவில்லை. நல்லவேளை, சிவப்பணு வரிசையில் அப்புரதத்தின் மரபணுவை முடுக்கும் விசை தனி. 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் தந்த கிரிஸ்பர் மரபணுத் திருத்தச் சிகிச்சை அந்த விசையைத்தான் வெட்டுகிறது. பல கோடி ரூபாய் வைத்தியம் தோட்டத் தொழிலாளிக்கு எட்டுமா என்று கேட்டால், இன்றைக்கு எட்டாதுதான். ஆனால் மலிவான ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை கூட்டுவதும் அதே கரு ஹீமோகுளோபினைத்தான்.