ஏற்றத்தில் முதுகுக்குத்தான் வேலை

கொழும்பிலிருந்து வரும் வீதி கடுகண்ணாவையில் மலையேறத் தொடங்கியதும் சைக்கிள்காரர் சீட்டை விட்டு எழும்புவார். நின்றபடி, உடம்பின் பாரத்தையெல்லாம் பெடலில் இறக்கி மிதிப்பார். கால்களை முன்னே நீட்டிச் சாய்ந்தபடி ஓட்டும் சாய்வு சைக்கிளில் அந்த வித்தை நடக்காது. பெடல் இருப்பது காலுக்குக் கீழே அல்ல, காலுக்கு முன்னே.

அப்படியானால் உந்தும் காலுக்கு முட்டுக்கொடுப்பது எது? சீட்டின் முதுகுப்பலகை. பெடலை எவ்வளவு விசையோடு தள்ளுகிறோமோ, அவ்வளவு விசை இடுப்பைப் பின்னோக்கித் தள்ளும். பள்ளிக்கூடத்தில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். நின்று மிதிப்பவருக்குத் தன் எடையும் கைகளின் இழுப்பும் எல்லை. சாய்ந்திருப்பவருக்குக் கால் தசையின் பலமே எல்லை. பேராதனைப் பக்கத்துக் குறுக்குப் பாதை ஏதாவதொன்றில் நின்ற இடத்திலிருந்து வண்டியைக் கிளப்பும்போது, 70 கிலோ ஆள் தன் எடைக்கு ஈடான விசையை ஒற்றைக் காலால் கொடுத்துவிடலாம். அத்தனையும் போய்ச் சேருவது சீட்டைப் பிடித்திருக்கும் சில போல்ட்டுகளில்.

சமதரையில் இந்த வண்டியின் கெட்டித்தனம் பழைய கதை. 1933 ஜூலையில், சார்ல்ஸ் மொஷே வடிவமைத்த சாய்வு சைக்கிளில் பிரான்சிஸ் ஃபோர் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீற்றர் ஓடி, 1914இலிருந்து நின்ற சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சங்கம் அந்த வடிவத்தைப் போட்டிகளிலிருந்து விலக்கியது. ஆனால் அந்த ஓட்டம் நடந்தது பந்தயத் தடத்தில், கண்டியில் அல்ல.

சீட் வளைந்தால் சக்தி வீணாகும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 நியூட்டன் விசைக்குச் சீட் 1 சென்ரிமீற்றர் வளைந்தால், ஒரு தள்ளலுக்கு 2.5 ஜூல். நிமிடத்துக்கு 120 தள்ளல் என்றால் 5 வாட். அதிலும் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது வெடிப்புக்குத்தான். 120 தள்ளல் மணிக்கு 7,200 ஆகிறது. அதுவும் இடமும் வலமும் மாறிமாறி முறுக்கும் தள்ளல். உருக்கில் குறிப்பிட்ட அளவுக்குக் கீழான விசை எத்தனை முறை வந்தாலும் பெரும்பாலும் பாதகமில்லை. அலுமினியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. போல்ட் துளையின் ஓரத்திலோ வெல்டிங் விளிம்பிலோ மயிரிழை வெடிப்பு கிளம்பி, மெல்ல நீளும்.

பலப்படுத்துவதற்கு முதல் வழி முக்கோணம். முதுகின் மேற்பகுதியிலிருந்து பின் அச்சுப் பக்கமாக இரண்டு குழாய்களை இழுத்துக் கட்டினால், அடிப்பிடியை வளைத்துக்கொண்டிருந்த விசையின் பெரும்பங்கு அக்குழாய்களை நீளவாக்கில் அழுத்தும் விசையாகிவிடும். சின்ன வாசருக்குப் பதில் அகன்ற தகடுகளை இருபுறமும் வைத்தால் பாரம் பரவும். அலுமினியச் சட்டத்தைத் தெரு முனை வெல்டிங் கடையில் கொடுத்து ஒட்டவைக்க வேண்டாம். சூடு பட்ட இடம் பலமிழக்கும். கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் மேல்.

ஃபைபர் கிளாஸ் சீட் என்றால், பின்புறப் பெயின்ட்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதன்மேல் புது அடுக்குகள் ஏற்றலாம். தடிப்பு இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். நடுவே இலேசான கெட்டி நுரைப்பட்டி வைத்து மூடினால் எடையும் அதிகம் ஏறாது.

வேவல்தெனியப் பக்கம் வீதியோரம் விற்கும் பிரம்புக் கதிரைகளைப் போலக் காற்றுப் புகும் பின்னல் சீட்தான் நம் புழுக்கத்துக்கு இதம். ஆனால் இறுக்கிக் கட்டிய பின்னல் இரண்டு பக்கக் குழாய்களையும் உள்ளே இழுக்கும். குறுக்குச் சட்டம் இல்லாவிட்டால் அவை நாளடைவில் நெருங்கிவிடும். மெத்தையைத் தடிப்பாகப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. தள்ளலில் ஒரு பங்கு அதை நசுக்குவதிலேயே போகும்.

எத்தனை முட்டுக் கொடுத்தாலும், பின்சக்கரத்தில் பெரிய பற்சக்கரம் ஒன்றைப் பூட்டிக்கொள்வது நல்லது. மெதுவாகத்தான் ஏறுவோம், ஆனால் ஒவ்வொரு தள்ளலிலும் முதுகுப்பலகைக்கு வரும் விசை குறையும்.