முதற் காசு உண்மை, மற்றவை?

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்துக்குத் தங்கம் வெறும் ஆபரணமன்று. வயலையும் கிணற்றையும் பனந்தோப்பையும் எவராலும் தூக்கிச் செல்ல முடியாது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோது, பல தாய்மார் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டு போனது தாலிக்கொடியையும் இரண்டு காப்பையுந்தான். 2009 இல் வன்னியிலிருந்து வந்தவர்களிற் பலர், வழியில் நகையை விற்றே பிள்ளைகளின் பசியை ஆற்றினார்கள். ஆகவே கையில் சிறிது பணம் சேர்ந்தவுடன் பவுண் வாங்கி வைப்போம் என்று எமது மக்கள் எண்ணுவதில் வியப்பில்லை.

அதிலும் நகையாக வாங்கினால் கூலி, சேதாரம் என்று ஒரு பகுதி போய்விடும். காசாக வாங்கினால் அந்த இழப்புக் குறைவு. இதை அறிந்துதான் நெல் விற்ற காசு, சீட்டுக் காசு, வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய காசு ஆகியவற்றைச் சேர்த்துத் தங்கக் காசு தேடுகிறோம். இதை நாம் மட்டுமல்ல, ஏமாற்றுபவர்களும் நன்கு அறிவார்கள்.

வலை விரிக்கப்படும் முறை

இந்த மோசடி இலங்கையின் பல பாகங்களிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியாகவே நடைபெறுகிறது. வீதி வேலை செய்பவர், கிணறு வெட்டுபவர், உழவு இயந்திரம் ஓட்டுபவர் என்று சொல்லிக்கொண்டு அறிமுகமில்லாத ஒருவர் வருகிறார். எளிய உடுப்பு, பணிவான பேச்சு. மண் வெட்டும்போது ஒரு பானை அகப்பட்டதாகவும், அதனுள் பழைய தங்கக் காசுகள் இருப்பதாகவும் மெல்லிய குரலிற் சொல்கிறார். "எனக்கு இதை விற்கத் தெரியாது ஐயா. கடைக்குக் கொண்டு போனால் பொலிசுக்குச் சொல்லிப் போடுவாங்கள். நீங்கள் நல்ல சனம் போல இருக்கு" என்கிறார்.

பின்பு ஒரு காசைத் தருகிறார். "இதை உங்களுக்குத் தெரிந்த பத்தரிடமே காட்டுங்கோ" என்கிறார். பத்தர் உரைத்துப் பார்க்கிறார். அது நல்ல தங்கந்தான். இந்த இடத்தில் குடும்பத்தின் சந்தேகம் முழுவதும் கரைந்து விடுகிறது. மீதிக் காசுகளைச் சந்தை விலையிற் பாதிக்குத் தருவதாகப் பேச்சு முடிகிறது. நாளும் இடமும் அவரே குறிக்கிறார்: மாலை மங்கும் நேரம், ஊருக்கு வெளியே, பணம் முழுவதும் கையில், வேறு ஒருவருக்கும் சொல்லக் கூடாது.

அங்கே நடப்பது இரண்டில் ஒன்று. பை நிறைய மஞ்சட் பூச்சிட்ட பித்தளைக் காசுகள் கைமாறும். அல்லது காசே கைமாறாது. மறைந்திருந்தவர்கள் வந்து பணத்தைப் பறித்துச் செல்வார்கள். சில வேளைகளில் பொலிஸ் என்று கூறிக்கொண்டு சிலர் வந்து, பணத்தையும் காசையும் "பறிமுதல்" செய்து போவதுமுண்டு.

நெல் வாங்க வரும் வியாபாரி மூடையின் வாயிலுள்ள நெல்லை மட்டும் பார்ப்பதில்லை. நடுவிலும் அடியிலும் குத்தி எடுத்துப் பார்க்கிறார். நாமும் விதைநெல் வாங்கும்போது அப்படித்தான் செய்கிறோம். ஆனால் தங்கக் காசு என்றதும், விற்பவர் தெரிந்தெடுத்துத் தந்த ஒன்றைப் பார்த்து முழுப் பையையும் நம்பி விடுகிறோம். அந்த முதற் காசு உண்மையானதாக இருப்பது மோசடிக்காரனின் முதலீடு. அது மற்றக் காசுகளைப் பற்றி எதையும் நிரூபிப்பதில்லை.

இரகசியமே கண்ணி

ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நல்ல தங்கம் வைத்திருப்பவர், அன்றைய விலைக்குச் சற்றுக் குறைவாக எந்த நகைக்கடையிலும் விற்கலாம். அப்படியிருக்க, முன்பின் தெரியாத உங்களுக்கு ஏன் பாதி விலைக்குத் தர வேண்டும்?

"களவாகச் செய்வதால்" என்ற மறுமொழியை அவர் ஆயத்தமாக வைத்திருப்பார். அதுதான் கண்ணி. இரகசியத்துக்கு உடன்பட்ட குடும்பம் ஏமாந்த பின்பும் வாய் திறக்காது. அயலவருக்குச் சொல்ல வெட்கம்; பொலிசுக்குச் சொல்லப் பயம். ஒரு வீட்டின் மௌனம் அடுத்த வீட்டை ஏமாற்ற வழி திறந்து விடுகிறது.

புதையலைப் பற்றிய சட்டத்தையும் அறிந்திருத்தல் நன்று. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, நிலத்திலிருந்து கண்டெடுக்கப்படும் தொல்பொருள் கண்டெடுத்தவரின் சொத்தாகி விடுவதில்லை. அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டியது. ஆகவே புதையற் கதை பொய்யானால் பணம் போகும். உண்மையானால் வழக்கு வரும். இரண்டிலும் எமக்கு நட்டமே. மேலும், எமது மண்ணிற் கிடைக்கும் பழங்காசுகளிற் பெரும்பாலானவை செப்புக் காசுகள். யாழ்ப்பாண அரசர் வெளியிட்ட, நந்தியும் 'சேது' என்ற சொல்லும் பொறித்த காசுகளும் பெரும்பாலும் செம்பே.

நற்செய்தியில் வரும் புதையல் உவமையை நாம் அறிவோம். அந்த மனிதர் இருட்டில் எதையும் வாங்கவில்லை. தமக்குள்ளதை விற்று, நிலத்தையே விலை கொடுத்து வாங்கினார். மகிழ்ச்சிக்குரிய பொருள் உரிய விலையைக் கேட்கும் என்பதை அதிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம்.

உண்மையான பவுண் காசு

எல்லா அந்நியரும் மோசடிக்காரர் அல்லர். வைத்தியச் செலவுக்காகவோ, பிள்ளையின் படிப்புக்காகவோ வீட்டிலிருந்த ஆங்கிலப் பவுண் காசை விற்க வருபவர்களும் உளர். அவர்களிடம் வாங்குவதில் தவறில்லை. ஆயினும் பொருளை அறிந்து வாங்க வேண்டும்.

ஆங்கிலப் பவுண் காசின் நிறை 7.98 கிராம். குறுக்களவு 22 மில்லிமீற்றர். தடிப்பு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர். தங்கம் 22 கரட். அதாவது ஒரு காசில் 7.3 கிராம் சுத்தத் தங்கம் உண்டு. ஒரு பக்கத்தில் அரசர் அல்லது அரசியின் தலை இருக்கும். மறுபக்கத்தில் பெரும்பாலும் குதிரை மீதமர்ந்து பறவைநாகத்தைக் கொல்லும் புனித ஜோர்ஜ் இருப்பார். சில ஆண்டுக் காசுகளில் கேடயம் இருக்கும்.

இங்கே நிறையும் பருமனும் சேர்ந்தே பார்க்கப்பட வேண்டும். தங்கம் மிகவும் பாரமான உலோகம். அதே பருமனிற் பித்தளையாற் செய்த காசு நாலு கிராமுக்கும் குறைவாகவே நிறுக்கும். ஈயக் காசு ஐந்து கிராம் அளவில் நிற்கும். பாரத்தைச் சரிக்கட்ட முயன்றால் காசு தடித்து விடும். ஆகவே ஒரு சிறு தராசும் அடிமட்டமும் பெரும்பாலான கள்ளக் காசுகளைக் காட்டிக் கொடுத்து விடும்.

காந்தத்தை நம்ப வேண்டாம். தங்கத்தைப் போலவே பித்தளை, செம்பு, ஈயம் என்பனவும் காந்தத்தில் ஒட்டா. கடித்துப் பார்ப்பதும் தரையிற் போட்டு ஓசை கேட்பதும் போதுமான சோதனைகள் அல்ல. நிறையும் அளவும் சரியாயிருந்தாலும் இறுதிச் சொல் பத்தருடையதே. கெட்டிப் பூச்சிருந்தால் மேலாக உரைப்பது ஏமாற்றி விடலாம் என்பதால், விளிம்பிற் சிறிது அராவி உரைக்கும்படி கேளுங்கள்.

நேரில் வாங்கும்போது

1. இடத்தை நீங்களே தீர்மானியுங்கள். நகைக்கடையோ வங்கியோ சிறந்தது. வீட்டுக்கு அழைக்க வேண்டாம். அவர் குறிக்கும் இடத்துக்கும் போக வேண்டாம்.

2. பகல் வேளையிற் செல்லுங்கள். தனியாகப் போகாமல் நம்பிக்கையான இருவரை அழைத்துச் செல்லுங்கள். எங்கே போகிறீர்கள் என்று வீட்டிற் சொல்லி விட்டுப் போங்கள்.

3. முதல் நாளிற் பணத்தைக் கொண்டு போக வேண்டாம். காசுகளைச் சோதிப்பதற்காக மட்டும் சந்தியுங்கள்.

4. பத்தரை நீங்கள் தெரிந்தெடுங்கள். ஒவ்வொரு காசையும் நிறுத்து, உரைத்துப் பாருங்கள். சோதித்த காசுகள் மீண்டும் விற்பவரின் பைக்குள் போனால், மறுபடியும் முதலிலிருந்து சோதியுங்கள். பை மாறுவது ஒரு நொடியில் நடக்கும்.

5. விற்பவரின் தேசிய அடையாள அட்டையைப் பார்த்து, பெயர், இலக்கம், விலாசம், காசுகளின் தொகை, விலை ஆகியவற்றை எழுதி, சாட்சியுடன் கையொப்பம் பெறுங்கள். களவெடுத்த பொருள் என்று அறிந்து வாங்குவது குற்றம். அறியாமல் வாங்கினாலும் பொருளை இழக்க நேரிடலாம். நேர்மையாக விற்பவர் எழுதிக் கொடுக்கத் தயங்கமாட்டார்.

6. பணத்தை வங்கியிலேயே கைமாற்றுங்கள். இயன்றால் கணக்குக்குக் கணக்காகச் செலுத்துங்கள்.

7. "இன்றைக்கே முடிக்க வேண்டும்" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்து விடுங்கள். வீட்டில் கணவன், மனைவி இருவரும் உடன்படாத எந்தக் கொடுக்கல் வாங்கலிலும் இறங்க வேண்டாம்.

இவற்றில் ஒன்றுக்கேனும் விற்பவர் இணங்கவில்லையெனில், அந்த மறுப்பையே உரைகல்லாகக் கொள்ளுங்கள்.

ஏமாந்தவர் தலைகுனிய வேண்டாம்

பறிகொடுத்த பின் துரத்திச் செல்ல வேண்டாம், உயிர் பெரிது. உடனே 119 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறையிடுங்கள். ஆளின் தோற்றம், வாகன இலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை மறக்குமுன் எழுதி வையுங்கள். கிராம அலுவலருக்கும் மாதர் சங்கத்துக்கும் பங்குத் தந்தைக்கும் சொல்லுங்கள். ஏமாற்றியவனுக்கே வெட்கம் உரியது, ஏமாந்தவருக்கன்று.

ஏனெனில் அந்தப் பையில் இருந்தது வெறும் பணமன்று. கூரைத் தகடு, கிணற்றுக்கான நீரிறைக்கும் இயந்திரம், ஒரு கறவைப் பசு, மகளின் படிப்பு ஆகிய எல்லாம் அதற்குள் இருந்தன. பல வருடங்கள் பிறர் காணியில் வியர்வை சிந்திச் சேர்த்தது அது. அடுத்த கூட்டத்தில் இந்த ஏழு விதிகளையும் வாசித்து, உங்கள் கிராமத்தில் நம்பத்தகுந்த பத்தர் யார், துணைக்கு யாரை அழைக்கலாம் என்று பேசி முடிவு செய்யுங்கள். பானைக் கதையுடன் அந்நியர் வரும் நாளில் அந்த முடிவு உங்கள் கையில் ஆயத்தமாக இருக்கட்டும்.