ஆடும் பயிரும்

ஆடு மேய்ப்பவருக்கும் பயிரிடுபவருக்கும் இடையேயுள்ள வழக்கு மிகப் பழையது. ஆங்கில ஆட்சியினர் 1871-ஆம் ஆண்டிலேயே இதற்கெனக் கால்நடை அத்துமீறல் சட்டம் ஒன்றை இயற்றினர். பயிரில் இறங்கிய கால்நடையைப் பவுண்டில் அடைப்பர். உடையவர் தண்டம் கட்டி மீட்பார். நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் வீட்டு வெள்ளாடும் ஒருமுறை பவுண்டைக் கண்டு மீண்டதுண்டு. அன்று வசைபெற்றவர்கள் அந்த ஆடும் நானுமே. எங்கள் சாதியை எவரும் இழுக்கவில்லை.

ஆட்டுக்குரியவரோடு முடியவேண்டிய வழக்கு எப்பொழுது ஓர் இனத்தின்மேல் ஏறுகிறது? இதுவே நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இரு தொழிலாரும் வெவ்வேறு இனத்தவராயிருப்பதே பகைக்குக் காரணம் என்பர் சிலர். எனக்கு அது உடன்பாடன்று. அறுவடை முடிந்ததும் இராமநாதபுரத்துக் கோனார்கள் செம்மறி மந்தைகளைத் தஞ்சைப் பக்கம் ஓட்டிவருவது நெடுநாள் வழக்கம். கீதாரி நிலக்காரரோடு பேசி முடித்து, வயலிலே கிடை போடுவார். மந்தைக்குத் தாள், நிலத்துக்கு எரு, கீதாரிக்கு நெல்லோ பணமோ. சாதியும் ஊரும் வேறாயினும் ஒருவர் தயவு மற்றவருக்கு வேண்டியிருந்தது. கொங்கு நாட்டிலோ, காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில், உழவரே கிளுவை வேலியிட்டுக் கொழுக்கட்டைப்புல் வளர்த்துத் தம் கால்நடைகளை மேய்க்கின்றனர். அங்கே வழக்கிட ஆளேது?

வட நைஜீரியாவிலும் இத்தகைய ஏற்பாடு இருந்தது. புலானியரின் மாடுகள் அறுவடைத் தாளை மேய்ந்து நிலத்துக்கு எருவிட்டன. மேய்ச்சல் நிலம் சுருங்கவே மந்தைகள் தெற்கே பெனுவே பக்கம் இறங்கின. அங்குள்ள டிவ் உழவருக்கு மொழியும் வேறு, சமயமும் வேறு. பழைய கொடுக்கல் வாங்கலும் இல்லை. 2017-ஆம் ஆண்டில் பெனுவே மாநிலம் திறந்தவெளி மேய்ச்சலையே சட்டத்தால் தடுத்தது. 2018 புத்தாண்டுத் தாக்குதல்களுக்குப் பின் 73 பேரை ஒருங்கே அடக்கம் செய்தனர். மாட்டுக்குத் தண்டம் விதிக்கலாம். புலானி என்ற பெயருக்கு எந்தப் பவுண்டில் தண்டம் கட்டுவது?

ஆப்பிரிக்காவின் கதை நமக்கெதற்கு என்று எண்ணவேண்டா. நாமக்கல் மாவட்டத்து ஜேடர்பாளையத்துக்கு வருவோம். காவிரியின் படுகை அணையும், அங்கிருந்து பிரியும் இராஜவாய்க்காலும் யாவரும் அறிந்தவை. கரும்பு, வாழை, வெற்றிலை, பாக்கு என்று வாய்க்கால் ஓரம்வரை பயிர்தான். கரும்பு வெல்ல ஆலைகளில் காய்ச்சப்பட்டுப் பிலிக்கல்பாளையம் சந்தைக்குப் போகும். ஆலைகளில் வேலை செய்வோர் பலர் வட மாநிலத்தவர்.

2023 மார்ச்சு மாதத்தில், அப்பகுதியில் ஆடு மேய்க்கச் சென்ற இளம்பெண் ஒருவர் கொலையுண்டு கிடந்தார். 17 வயதுச் சிறுவன் ஒருவனைப் போலீசார் பிடித்தனர். ஆனால் ஆலைகளிலுள்ள வடவருக்கும் அதில் பங்குண்டு என்ற ஐயம் பரவியது. ஊரிலே இரு சமூகத்தாரிடையே பகை மூண்டது. ஆலைக் கொட்டகைகள் எரிந்தன. பாக்குமரங்களை இரவோடிரவாக வெட்டிச் சாய்த்தனர். மே மாதத்தில் ஒரு நள்ளிரவு, தொழிலாளர் உறங்கிய இடத்திலேயே தீ வைத்தனர். ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்த நால்வர் தீப்புண் பட்டனர், ஒருவர் மாண்டார்.

இங்கே ஆடு பயிரை மேயவில்லை. வரப்புத் தகராறும் இல்லை. மேய்க்கப்போன பெண்ணின் உயிர் போயிற்று. அக்கொலைக்கு நீதி கேட்டது நியாயமே. ஆயினும் கேள்வி குற்றவாளியைத் தேடிச் செல்லாமல், ‘அவர்கள்’ என்ற ஒரு சொல்லைத் தேடிச் சென்றது. அச்சொல்லில் ஆலைக்காரரும் அடங்கினர், அவர் சமூகமும் அடங்கிற்று, தமிழ் அறியாத கூலியாளும் அடங்கினார். முதல் இருவருக்கும் உறவும் ஊரும் உண்டு. கொட்டகையில் உறங்கியவருக்கு அவ்விரண்டும் இல்லை. ஆகவே தீ அவரை எளிதில் எட்டிற்று. இறந்த பெண்ணும் அவரைப்போன்றே பிறர் நிலத்தின் ஓரத்தில் பிழைத்தவர். சொந்த மேய்ச்சற்காடு இல்லாதவர்களுக்கு, கரும்புக்கும் பாக்குக்கும் போக எஞ்சியிருப்பது வாய்க்கால் கரை ஒன்றே.