களத்து வெடிப்புக்குத் தார் வேண்டாம்



பிசான அறுப்புக்கு முன்னால், தாமிரபரணிப் பாசனத்தில் சிலர் சிமெண்டுக் களத்து வெடிப்பைத் தார் ஊற்றி அடைக்கிறாங்க. சாலைக்குப் போடும் தாரே 50 டிகிரி சூட்டையொட்டி இளகும். பங்குனி உச்சி வெயிலில் கறுத்த தார் அதையும் தாண்டிக் கொதிக்கும்; நெல்லில் ஒட்டும். தார் ஒட்டின நெல்லை யார் வாங்குவாங்க?

வெடிப்பை உளியால் அகலப்படுத்தி, தூசி போகக் கழுவி, ஈரம் காயுமுன் 1 பங்கு சிமெண்டு, 3 பங்கு சலித்த மணல் கலந்து அடையுங்க. 7 நாள் ஈரச் சாக்குப் போட்டு வையுங்க.

கட்டங்களுக்கு நடுவே கொத்தனார் விட்ட இடைவெளியை மட்டும் சிமெண்டால் அடைச்சிடாதீங்க. சூட்டில் தளம் விரிய இடம் வேணும். இல்லாட்டி புது வெடிப்பு விழும். அங்கே படுதா விரிச்சுக் காயப்போடுங்க.

அறுப்புக்கு 10 நாள் முன்பே இந்த வேலையை முடிச்சிடுங்க.