ஊட்டி ஏறும்போது டீசல் கார் 'இழுக்கலையா'? பெரிய டர்போ மாட்டலாமா?

மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையில் மட்டும் 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் திரும்பியதும் டீசல் கார் ஒரு நொடி திணறும், பிறகு சட்டென்று பாயும். "பெரிய டர்போ மாத்துங்க, பிக்கப் பிச்சுக்கும்" என்று பலரும் யோசனை சொல்வார்கள். செய்யலாமா?

டர்போ என்ன செய்கிறது?

இன்ஜின் புகை ஒரு சிறிய சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று கூடினால் அதிக டீசலை எரிக்கலாம், சக்தியும் கூடும். இந்தச் சக்கரங்கள் நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும்.

மலையில் என்ன சிக்கல்?

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. அதை ஈடுகட்ட டர்போ ஏற்கெனவே கூடுதலாக உழைக்கிறது.

பெரிதாக்கினால்?

பெரிய சக்கரம் சுழல அதிக புகை வேண்டும். வளைவில் இன்ஜின் வேகம் குறைவு, புகையும் குறைவு. ஆக, திணறல் இன்னும் நீளும். கூடுதல் சக்தி கிடைப்பது அதிக வேகத்தில்தான். அது நெடுஞ்சாலைக்குச் சரி, கொண்டை ஊசிக்கு உதவாது.

மாருதியின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் ஸ்விஃப்ட் காரில் 75 குதிரைத்திறன், எர்டிகாவில் 90. எர்டிகாவில் இருந்தது இறக்கைக் கோணம் மாறும் டர்போ. அதற்கேற்ப இன்ஜினையும் நிறுவனமே அமைத்திருந்தது. டர்போவை மட்டும் மாற்றினால் அந்தப் பலன் கிடைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அப்போ என்ன செய்யலாம்?

* ஏர் ஃபில்டரை மாற்றுங்கள். டர்போ குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இழுவை குறைந்து கரும்புகை வந்தால் இன்ஜினுக்குக் காற்று போதவில்லை என்று சந்தேகப்படலாம்.
* நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.
* வளைவுக்குள் போகும் முன்பே கியரைக் குறையுங்கள்.
* மலையேறி முடித்ததும் இன்ஜினை உடனே அணைக்காதீர்கள். ஒரு நிமிடம் ஓடட்டும், டர்போ சூடு தணியும்.

பல கார்களுக்கு இதுவே போதும். செலவும் குறைவு, வழக்கும் வராது.